‘லோன் பார்ட்டி வேண்டாம்’ என்பவர்களுக்கு

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் புரோக்கர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் இதுதான்: “லோன் பார்ட்டி வேணாம் சார். ரெடி கேஷ் பார்ட்டி ஒண்ணு கையில இருக்கு. பதினஞ்சு நாள்ல பத்திரம் முடிச்சிடலாம்.” வாங்க வருகிறவரிடம் அதே வாய் வேறு மாதிரி பேசும்: “அந்த வீட்டுக்காரரே இப்பத்தான் வேற வீடு பாத்துட்டு இருக்காரு. அவருக்கு அமைஞ்சாத்தான் நமக்குச் சாவி. இழுத்துட்டே போவும் சார். காலி வீடாப் பாருங்க, பேங்க்ல இல்லாத வீடாப் பாருங்க.”

இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து ஊரின் பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டன. யாரையும் சார்ந்திராத விற்பனைதான் நல்ல விற்பனை. வாங்குகிறவர் தன் பழைய வீட்டை விற்றுப் பணம் புரட்டுகிறவராக இருக்கக் கூடாது, வங்கிக்காகக் காத்திருக்கக் கூடாது. விற்கிறவருக்கும் அடுத்த வீட்டுக் கவலை இருக்கக் கூடாது. பணம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போக வேண்டும், கணக்கு அன்றே முடிய வேண்டும். வழுதாவூர் சாலை டீக்கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள், வீடு வாங்குவது பற்றிப் பேசும் யூடியூப் காணொளியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். அறுபது வயதில் ஓய்வுபெற்று இருக்கும் வீட்டை விற்க நினைப்பவரும் இதையே நம்பி, வங்கிக் கடனோடு வரும் ஆசிரியர் தம்பதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐந்து லட்சம் குறைத்துக் கேட்கும் ரொக்கக்காரருக்குக் கொடுக்கிறார்.

நான் இதை மறுக்கிறேன். நம் ஊரில், நம் சட்டத்தில், நம் பதிவு அலுவலகங்கள் இன்றிருக்கும் நிலையில், யாரோடும் பிணைப்பில்லாத விற்பனைதான் அதிக ஆபத்தானது. வங்கியோடும், அடுத்த வீட்டோடும், குடியிருக்கும் மனிதர்களோடும் பிணைந்திருக்கும் விற்பனையே விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது இங்கிலாந்திலிருந்து வருகிறது. அங்கே ஒரு வீட்டை வாங்குகிறவர் தன் வீட்டை விற்றாக வேண்டும், அவர் வீட்டை வாங்குகிறவர் தன்னுடையதை விற்றாக வேண்டும் என்று நான்கைந்து குடும்பங்கள் ஒரே வரிசையில் கோத்து நிற்கும். இதை அவர்கள் ‘செயின்’ என்கிறார்கள். நடுவில் ஒருவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் எல்லாருடைய விற்பனையும் சரிந்துவிடும். அதனால் ‘செயின் ஃப்ரீ’ என்று போட்ட வீட்டுக்கு அங்கே தனி மதிப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது நியாயமான அச்சம்தான். ஏனென்றால், அங்கே ஒப்பந்தப் பத்திரங்கள் பரிமாறிக்கொள்ளப்படும் நாள்வரை எவரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. விலை பேசி, சர்வேயருக்கும் வழக்கறிஞருக்கும் செலவழித்து, மாதங்கள் காத்திருந்த பிறகும் ஒருவர் சும்மா விலகிக்கொள்ளலாம்.

நம் ஊரில் நடப்பது வேறு. விலை படிந்த சில நாட்களிலேயே அட்வான்ஸ் கைமாறுகிறது, முத்திரைத்தாளில் அக்ரிமெண்ட் எழுதப்படுகிறது, பெரும்பாலும் மூன்று மாதக் கெடு வைக்கப்படுகிறது. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பல் இருக்கிறது. ஒப்பந்தப்படி பத்திரம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போடலாம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, அப்படி உத்தரவிடுவதா வேண்டாமா என்பதில் நீதிபதிக்கு முன்பிருந்த தாராளமான விருப்புரிமை குறைந்துவிட்டது. பாதிக் கிணற்றில் நிற்கும் இங்கிலாந்துக்காரரின் பயத்தை, கையில் அக்ரிமெண்ட் வைத்திருக்கும் நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

அடுத்து, ‘காலி வீடு’ என்ற கவர்ச்சிக்கு வருகிறேன். புதுச்சேரியில் இதைச் சிறப்பு என்று சொல்லும் எவரையும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. சொந்தக்காரர்கள் பிரான்சில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. போலி வாரிசுச் சான்று, போலிப் பொது அதிகாரப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்று எல்லா மோசடிகளும் குறிவைப்பது அவற்றைத்தான். பிரெஞ்சுக் காலத்தில் நொத்தேர் எனப்படும் பத்திர அலுவலர் முன் எழுதப்பட்ட பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர் குறைவு, எழுதிக்கொண்டவரின் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அறிந்தவர் இன்னும் குறைவு. தனியார் வீடுதான் இப்படி என்றில்லை. ரெயின்போ நகர்ப் பக்கத்துக் காமாட்சியம்மன் கோயில் நிலம் போலிப் பத்திரத்தில் கைமாறிய வழக்கில், 2023இல் பதிவுத்துறையைச் சேர்ந்தவரே கைதானார். தெய்வத்தின் பெயரில் இருக்கும் மனைக்கே இந்தக் கதி.

இந்த ஊரில் “காலி வீடு, உடனே சாவி, வங்கித் தொடர்பு இல்லை, விற்கிறவருக்கு எந்த அவசரமும் இல்லை” என்று ஒருவர் சொன்னால், எனக்குக் காது கூர்மையாகிறது. அந்த வீட்டுக்குச் சாட்சி யார்? மாறாக, கொடியில் துணி காயும் வீடு. முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் வீடு. “லாஸ்பேட்டையில ஒண்ணு பாத்திருக்கோம், அது முடிஞ்சா இத விட்டுடுவோம்” என்று அந்த அம்மா சொல்லும் வீடு. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எங்கே போகிறார்கள், ஏன் விற்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். லாஸ்பேட்டை வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்து விசாரிக்கலாம். விற்கிறவருக்கு அடுத்த வீடு ஒன்று இருக்கிறது என்பது அவர் உண்மையானவர் என்பதற்கு ஒரு ஆதாரம். அதை இடைஞ்சல் என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

வங்கியில் இருக்கும் வீடும் இப்படித்தான். கடன் கொடுத்தபோதே ஒரு வங்கி வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்து, வில்லங்கம் போட்டுப் பார்த்து, கருத்துரை எழுதியிருப்பார். மூலப்பத்திரம் வங்கியின் பெட்டகத்தில் இருப்பதால் அதை வேறெங்கும் அடகு வைக்க முடியாது. “கடனை அடைச்ச பிறகும் பத்திரம் வர மாசக்கணக்காகும்” என்பது பழைய புகார், ஒருகாலத்தில் உண்மையும்கூட. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது: கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது. வாங்குகிறவரின் வங்கி விற்கிறவரின் வங்கிக்கு நேரடியாகப் பணம் கட்டிப் பத்திரத்தை எடுத்துக்கொள்வது அன்றாடம் நடக்கும் வேலை. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

ரொக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ‘ரெடி கேஷ்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ஒன்று, வங்கிக் கணக்கில் முழுப் பணமும் இருக்கிறது என்பது. அதில் எந்தத் தவறும் இல்லை. அப்படி ஒருவர் வந்து நியாயமான விலை கொடுத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பெரும்பாலும் சொல்லப்படுவது அதுவல்ல. “கைடுலைன் வேல்யூவுக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதி கையில” என்பதுதான் அதன் பொருள். இந்த ‘மீதி கையில’ வாங்கும் விற்பனையாளர் தன் தலையில் என்ன ஏற்றிக்கொள்கிறார் என்பதை எந்தப் புரோக்கரும் சொல்வதில்லை.

2015 ஜூன் 1 முதல், அசையாச் சொத்து விற்பனைக்காக ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அட்வான்ஸுக்கும் அதே விதிதான். மீறினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். யாருக்கு? பணத்தைக் கொடுத்தவருக்கு அல்ல, பெற்றுக்கொண்டவருக்கு, அதாவது வீட்டை விற்றவருக்கு. இருபத்தைந்து லட்சம் கையில் வாங்கினால் இருபத்தைந்து லட்சம் அபராதம். அது தெரிய வராது என்று நம்பியிருந்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. பெங்களூருவில் ஒரு சொத்துக்கு 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொல்லிச் சிலர் வழக்கு நடத்தினார்கள். அந்த வழக்கைத் தள்ளிய நீதிமன்றம், இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாக எந்த வழக்கில் சொல்லப்பட்டாலும் விசாரிக்கும் நீதிமன்றம் அதை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பதிவுக்கு வரும் ஆவணத்தில் அப்படி இருந்தால் சார்பதிவாளரும் தெரிவித்தாக வேண்டும். ஆக, ரொக்கம் கொடுத்தவர் நாளை நீதிமன்றப் படி ஏறினாலே கதை வெளியே வரும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கையில் வாங்கிய அந்த இருபத்தைந்து லட்சத்தை வைத்துக்கொண்டு விற்றவர் எங்கே போவார்? அவரும் வீடு வாங்க வேண்டும். வங்கி வழியாகப் பணம் கேட்கும் நேர்மையான விற்பனையாளரிடம் அந்தப் பணம் செல்லாது. கறுப்பை ஏற்கும் இன்னொருவரைத் தேடித்தான் அவர் போக முடியும். அவர் வாங்கும் வீடும் குறைந்த விலைக்கே பதிவாகும். பத்தாண்டு கழித்து அதை விற்கும்போது கணக்கில் காட்டும் வாங்கிய விலை குறைவு, எனவே லாபம் பெரிது, வரியும் பெரிது. ‘எந்தப் பிணைப்பும் இல்லை’ என்று விற்கப்படும் ரொக்கம்தான் தப்பவே முடியாத சங்கிலியை மாட்டுகிறது. ஒரு கண்ணி கறுப்பானால் அடுத்த கண்ணியும் கறுப்பாகித்தான் தீர வேண்டும்.

வங்கிக் கடன்காரர் வந்தால் பதிவு நாள் எப்படி இருக்கும் என்று உழவர்கரை சார்பதிவகத்தில் ஒரு முற்பகல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வங்கியிலிருந்து ஒருவர் கோப்போடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கோப்பில் விற்கிறவர் பெயரில் எடுத்த டி.டி. இருக்கும், அதன் எண்ணும் தேதியும் பத்திரத்தின் பணம் பெற்ற விவரத்தில் ஏற்கெனவே தட்டச்சாகியிருக்கும். விற்கிறவர் கையெழுத்துப் போட்டு, விரல் ரேகை வைத்து, படம் எடுத்து முடிந்ததும் டி.டி. அவர் கைக்கு வரும். பத்திரத்தைத் திரும்ப வாங்கும் ரசீதை வங்கிக்காரர் எடுத்து அதே கோப்பில் வைப்பார். நோட்டு எண்ண வேண்டாம், காரில் மஞ்சள் பை வேண்டாம், பணத்தோடு வீடு திரும்பும் பதற்றம் வேண்டாம். எழுபது வயதில் தனியாக வாழும் ஒரு அம்மா தன் வீட்டை விற்கும்போது, அவருக்கு இதைவிடக் கண்ணியமான முறை எது? இதற்கு நாம் கொடுக்கும் விலை முப்பது, நாற்பது நாள் காத்திருப்பு மட்டுமே.

சரி, கணக்குப் போட்டே பார்க்கலாம். தட்டாஞ்சாவடியில் இரண்டு படுக்கையறை வீட்டை 60 லட்சத்துக்கு விற்று, லாஸ்பேட்டையில் 85 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்க நினைக்கும் குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ‘பிணைப்பில்லாமல்’ இதைச் செய்ய அவர்களுக்கு இரண்டே வழி. முதலில் விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம். மாதம் 15,000 என்றால் ஆறு மாதத்துக்கு 90,000. சில மாத அட்வான்ஸ் முடங்கும், சாமான் இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும், அதற்குள் லாஸ்பேட்டை விலை ஏறலாம். அல்லது முதலில் வாங்கிவிடலாம். பழைய வீடு விற்கும்வரை அந்த 60 லட்சத்தையும் இடைக்காலக் கடனாக வாங்கினால், 9 சதவீத வட்டியில் மாதம் 45,000, ஆறு மாதத்தில் 2,70,000. இதற்கு மேல் ரொக்கக்காரருக்குக் குறைத்த ஐந்து லட்சம். இரண்டு பத்திரங்களையும் ஒரே வாரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டால் இந்தச் செலவுகளில் ஒன்றுமே இல்லை.

சட்டமும் இந்தக் குடும்பத்தின் பக்கமே நிற்கிறது. வீடு விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகை, விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற பின் இரண்டாண்டுக்குள்ளோ வாங்கியிருந்தால் கிடைக்கும்; கட்டுவதென்றால் மூன்றாண்டு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது இயல்பான வாழ்க்கை என்று வரிச் சட்டமே ஒப்புக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் இடம் விட்டு வைத்திருக்கிறது. நம் புரோக்கர்களுக்குத்தான் அது குற்றமாகத் தெரிகிறது.

காலத்தைப் பற்றிய புகாருக்கும் ஒரு வார்த்தை. ஆடியில் யாரும் குடி போவதில்லை, மார்கழியில் பால் காய்ச்சுவதில்லை. பள்ளி நடுவில் பிள்ளையை மாற்றுவதில்லை. ‘பதினைந்தே நாளில்’ பத்திரம் முடித்த ரொக்கக்காரரின் வீடும் ஆனி கடைசியில் வாங்கி ஆவணிவரை பூட்டித்தான் கிடக்கிறது. வங்கிக்கு நாற்பது நாள் கொடுக்க மறுத்தவர்கள் பஞ்சாங்கத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்கிறார்கள்.

இதே ஊரிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களைக் கேளுங்கள். அங்கே வீட்டுக்கடன் வாங்கி வாங்குகிறவரை விரட்டுவதில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அவருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. கடன் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையோடு கையெழுத்திடுகிறார், அதற்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் சட்டமே தருகிறது. கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும். கையெழுத்திட்ட பிறகும் பத்து நாளுக்குள் மனம் மாறிக்கொள்ள வாங்குகிறவருக்கு உரிமை இருக்கிறது. பணத்தைப் பெரும்பாலும் விற்கிறவர் தொடுவதில்லை, நொத்தேரிடம் இருக்கும். தன் பழைய வீடு விற்றால்தான் இதை வாங்குவேன் என்ற நிபந்தனையையும் எழுதிக்கொள்ளலாம். நொத்தேர் முன் பத்திரம் எழுதிய ஊர் இது. அந்த நல்ல பழக்கத்தை மறந்துவிட்டு, இங்கிலாந்துக்காரரின் பயத்தை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

பிரான்சில் வசிப்பவரிடமிருந்து வாங்கும்போது அவசரம் என்ன செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே வசிப்பவரின் வீடு 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இது 2013 ஜூன் முதல் உள்ள விதி. விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த ஒரு சதவீதம் போதாது. வரி அதிகாரியிடம் குறைப்புச் சான்று வாங்காவிட்டால், 60 லட்ச வீட்டுக்கு ஏழரை லட்சத்துக்குக் குறையாமல் பிடிக்க வேண்டிவரும். பிடிக்காவிட்டால் பொறுப்பு வாங்கியவருக்கு. இதைப் பதினைந்து நாள் அவசரத்தில் யார் கவனிப்பார்கள்? கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர் இதைக் கேட்காமல் விடமாட்டார்.

அவசர சிகிச்சைக்குப் பணம் வேண்டும், ஏலத்துக்குப் போகவிருக்கும் வீட்டை மீட்க வேண்டும் என்பவர்களுக்கு வேகம்தான் முக்கியம். அவர்களோடு எனக்கு வாதமில்லை. என் வாதம், எந்த அவசரமும் இல்லாத குடும்பங்களிடம் அவசரத்தை விற்பவர்களோடு. தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவர், அரசு அலுவலக எழுத்தர், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று இந்த ஊரில் வீடு வாங்கி அதில் வாழப்போகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே லோன் பார்ட்டிதான். முப்பது லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அவர்களிடம் முழுப் பணமும் இருந்திருந்தால் அந்த விதியே தேவைப்பட்டிருக்காது. அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் உள்ளே வருகிறவர் யார்? குறைத்து வாங்கி, பூட்டி வைத்து, ஏற்றி விற்கிறவர். தெருவில் விளக்கெரியாத வீடுகள் கூடுகின்றன, நம் பிள்ளைகளுக்கே விலை எட்டாமல் போகிறது.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும்: “இடையில் ஒருவர் பின்வாங்கினால் என் அட்வான்ஸ் என்னாவது?” இதற்கான விடை அக்ரிமெண்டில் இருக்கிறது, அதைப் படிவம் நிரப்பித் தரும் கடைக்காரரிடம் விடாமல் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து எழுத வேண்டும். கடன் ஒப்புதலுக்கு ஒரு தேதி, கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும் என்று ஒரு வரி. விற்கிறவர் தன் அடுத்த வீட்டை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் என்ன என்று ஒரு வரி. பத்திரம் முடிந்த பிறகு ஒரு மாதம் அங்கேயே இருந்துவிட்டுப் போவதென்றால், அதற்கு வாடகை எவ்வளவு, சாவி தரும்வரை எவ்வளவு தொகை நிறுத்திவைக்கப்படும் என்று ஒரு வரி. அட்வான்ஸ் காசோலையில்தான் போக வேண்டும். அப்படிப் போனால், வாங்குகிறவர் தன் தவறால் விலகாதவரை அந்தத் தொகைக்கு அந்த வீட்டின் மீதே பொறுப்புரிமை உண்டு என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அந்த அக்ரிமெண்டைப் பதிவும் செய்துவிட்டால், அதே வீட்டை இன்னொருவருக்குப் பேச நினைப்பவர் எடுக்கும் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் நிற்கும். கையில் கொடுத்த ரொக்கத்தை வைத்து இதில் எதையும் நிலைநாட்டுவது கடினம்.